நிற்க முடியாத கூரை

நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் செவ்வந்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வுப் பொறியாளர் ஆலங்குட்டை ஏரிக்கு வருகிறார். அதற்குள் படகுக்குக் கூரை ஏறியாக வேண்டும். ஏறினால் மட்டும் போதாது. ஏறிய பிறகும் படகு சாயக் கூடாது.

சங்கராபுரத்தில் அவள் அப்பா காசிநாதனுக்கு ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. கரும்பு டிரெய்லர், இரும்பு கேட், பள்ளிக்கூட வேனுக்குக் கம்பி என்று அந்தப் பட்டறையில் ஆகாத வேலை கிடையாது. அவர் அடித்த டிரெய்லர் ஆற்றில் இறங்கினாலும் ஆணி கழலாது என்று எலவனாசூர்கோட்டை வரைக்கும் பேர். செவ்வந்தி கள்ளக்குறிச்சியில் இயற்பியல் படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. பட்டறையில் அளவெடுப்பது, படம் வரைவது அவள் வேலை. வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டுவாள்.

“பேசினா கரண்டு பில்லு ஏறும்னு நெனச்சிக்கினு இருக்குது இது,” என்பார் காசிநாதன், வந்தவர்களிடம்.

அன்று மாலை பட்டறை நடுவில் புதுக் கூரையின் எலும்புக்கூடு நின்றது. மெல்லிய அலுமினியக் குழாயை வில்லாக வளைத்து ஐந்து வளைவுகள். இரும்பு ஒரு துண்டுகூட இல்லை. அலுமினியத்தில் அவருடைய வெல்டிங் பிடிக்காது. எல்லாவற்றையும் போல்ட்டும் ரிவிட்டும் வைத்தே பூட்ட வேண்டியிருந்தது. காசிநாதன் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

“வெல்டு புடிக்காத பொருளு வெல்டிங் பட்டறைக்கு இன்னாத்துக்கு?”

செவ்வந்தி ரிவிட் அடித்துக்கொண்டிருந்தாள்.

“உசரத்தையும் கம்மி பண்ணிட்ட. நாலரை அடி. எழுந்து நின்னா தலை இடிக்குமே.”

“இடிக்கணும்ப்பா.”

“இன்னாது?”

“இடிச்சா உக்காருவாங்க. படகுல நிக்கக் கூடாது.”

அவர் ஒரு வளைவைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரே கையில் வந்துவிட்டது. அப்படி வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அதை மெதுவாகத்தான் கீழே வைத்தார்.

பட்டறைக்குப் பின்னால் பழைய கூரை கிடந்தது. இரும்புக் குழாயும் தகரமும் சேர்ந்த மொத்தமான கூரை. கோழிகள் அதன் கீழே அடையும். பழைய இரும்புக்காரன் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டான். காசிநாதன் கொடுக்கவும் இல்லை, வெட்டி வேறு வேலைக்குச் சேர்க்கவும் இல்லை. அது ஏன் அங்கேயே கிடக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கரியாலூருக்கு மேலே, மலைக்குள் இருக்கிறது ஆலங்குட்டை ஏரி. அங்கே மலைப்பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு ஒரு விசைப்படகு உண்டு. பதினாலு அடி ஃபைபர் படகு, பின்னால் சின்ன மோட்டார், ஓட்டுபவரைத் தவிர ஆறு பேர் உட்காரலாம். வெயில் காலத்தில் அருவி பார்க்க வருகிறவர்கள்தான் சவாரி. ஆனால் அந்த வெயிலே பகை. தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத படகில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் பிள்ளைகள் அழும். ஆகவே போன ஆயுத பூசைக்கு முன்னால் குழுத் தலைவி சின்னப்பொண்ணு கீழே இறங்கி வந்து காசிநாதனிடம் ஒரு கூரை கேட்டாள்.

காசிநாதன் கூரை அடித்தார். டிரெய்லருக்கு அடிக்கிற மாதிரியே அடித்தார். மலைக்காற்றில் பறந்துவிடக் கூடாது என்று இரண்டு மடங்கு தடிப்பில் குழாய். ஆள் நிமிர்ந்து நடக்கிற மாதிரி ஆறடி உயரம். “வெயிட்டு இருந்தாத்தான் வண்டி அசையாம நிக்கும்,” என்றார். தரையில் அது சரிதான். பட்டறையில் படகைக் கட்டைமேல் வைத்துக் கூரையைப் பூட்டி, நான்கு பேர் ஏறிக் குதித்துக் காட்டினார்கள். அசையவே இல்லை.

ஆயுத பூசை அன்று ஏரியில் படகுக்குப் பொட்டு வைத்தார்கள். லாரிக்குக் கட்டுவதுபோலவே கூரையின் இரண்டு முன் கால்களிலும் குலை தள்ளிய வாழைமரம். மேலே பூமாலை. கூரை நடுவில் ஒரு பெரிய பூசணிக்காய். கட்டியதெல்லாம் காசிநாதன் கையால். குழுப் பெண்கள் ஆறு பேர் ஏறினார்கள். மோட்டாரைப் பிடித்தது படகோட்டி வேடியப்பன். கரையிலிருந்து முப்பது அடி போய், திரும்பும்போது படகு சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை.

நல்ல வேளை, அந்த இடத்தில் மார்பளவு தண்ணீர்தான். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சின்னப்பொண்ணு மட்டும் கூரைக் காலுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது, ஆனால் இன்னும் குடம் தூக்க முடியவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் கேட்டபோது காசிநாதன் சொன்னார்: “வேகமா ஒடிச்சுத் திருப்பிட்டான் சார்.” பார்த்தவர்களும் ஆமாம் என்றார்கள். படகு திரும்பும்போதுதானே சாய்ந்தது. “ஓட்டுநரின் கவனக்குறைவு” என்று எழுதிக்கொண்டு போனார்கள். படகு நின்றது. வேடியப்பனின் பிழைப்பும் நின்றது.

ஆறு மாதம் கழித்து, புதுக் கூரை போட்டு ஆய்வில் தேறினால் படகை விடலாம் என்று கடிதம் வந்தது. சின்னப்பொண்ணு மறுபடியும் பட்டறைக்குத்தான் வந்தாள். வேறு யாரும் மலைக்கு வேலை செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. அன்று செவ்வந்தி உள்ளேயிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். படம் ஏற்கெனவே வரைந்திருந்தது. காசிநாதன் தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், “செய்யி” என்றார். பொருளுக்கு மட்டும் காசு வாங்கினார். கூலி பேசவே இல்லை.

பழைய கூரையின் எடை செவ்வந்திக்குத் தெரியும். கரும்பு வண்டிகள் நிற்கும் எடைமேடையில் போட்ட சீட்டு அவளிடம் இருந்தது. கல்லூரிச் செய்முறைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், இரண்டாக மடித்து. அதை அவள் யாருக்கும் காட்டியதில்லை. எப்போதாவது எடுத்தால் எண்ணை மட்டும் பார்ப்பாள். மடிப்பை விரிக்க மாட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை மினி லாரியில் மலை ஏறினார்கள். கூரையைத் தனித்தனியாகக் கழற்றிக் கட்டியிருந்ததால் லாரி காலியாகப் போகிற மாதிரி குதித்தது. வெள்ளிமலைப் பக்கம் வளைவு ஒவ்வொன்றிலும் காசிநாதன் பின்னால் திரும்பி, கட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

“எடை இல்லாத சாமானை எடுத்துக்கினு போறது, சொல்லப்போனா பயமா இருக்குது,” என்றார்.

ஏரிக்கரையில் வேடியப்பன் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். அவனை யாரும் வரச் சொல்லவில்லை. காசிநாதனைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்து, “வாங்க மேஸ்திரி,” என்றான். காசிநாதன் தலையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

வளைவுகளைப் பூட்ட ஒரு மணி நேரம்தான் ஆனது. அதற்கு மேல் நிழல்வலை. நாற்றங்காலுக்குக் கட்டுகிற பச்சை வலை. ஒரு வலை போட்டால் வெயிலில் பாதி கீழே வரும். அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு வலை போட்டால், வந்த பாதியிலும் பாதி நிற்கும். நடுவில் காற்று ஓடும். தகரம் மாதிரி சூடேறித் தலையில் இறங்காது. பலத்த காற்று அடித்தால் பாய்மரம் மாதிரி தடுத்துப் படகைத் தள்ளாது, வலைக்குள்ளேயே புகுந்து போய்விடும். வலையின் ஓரங்களைக் குழுப் பெண்கள் முன்கூட்டியே தைத்து வைத்திருந்தார்கள்.

“மழை வந்தா?” என்றாள் சின்னப்பொண்ணு.

செவ்வந்தி வலையைக் கட்டிக்கொண்டே, “மழையில படகு ஓடாதுல்லக்கா,” என்றாள்.

“அதுவும் சரிதான். நாந்தான் வூடு கட்டறாப்புல கேக்கறேன்.”

அடுத்தது உட்காரும் இடம். பழைய பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு, படகின் அடியோடு ஒட்டி மரச்சட்டத்தால் தாழ்வான இருக்கை போட்டாள். சட்டங்களுக்கு நடுவில் விரல் நுழைகிற சந்து. ஆள் தாழ உட்கார்ந்தால் படகின் பாரம் தாழ இருக்கும். சந்து வழியாக முதுகுக்குக் காற்று வரும். காசிநாதன் சட்டத்தை அறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காத வேலை அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வேடியப்பன் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தான்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லலாமா?”

அவள் நிமிர்ந்தாள்.

“மேல மறைச்சிட்டீங்க. மதியத்துக்கு அது போதும். நாலு மணிக்கு மேல வெயிலு மேல இருந்து வராது. அந்தச் சந்துல இருந்து வரும்.” மேற்கே இரண்டு குன்றுக்கு நடுவில் இருந்த பள்ளத்தைக் காட்டினான். “நேரா கண்ணுல குத்தும். போதாததுக்குத் தண்ணியில பட்டுக் கீழ இருந்தும் அடிக்கும். குனிஞ்சாலும் தப்ப முடியாது. நாலு வருசம் அதுலதான் ஓட்டினேன்.”

செவ்வந்தி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். படம் வரையும்போது சூரியனை உச்சியில் வைத்து வரைந்திருந்தாள். சாயங்காலத்தை வரையவில்லை. தண்ணீரிலிருந்து ஒளி திரும்பும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். அதையும் விட்டுவிட்டாள்.

“ரெண்டு பக்கமும் மறைச்சா காத்து வராதுண்ணா.”

“ரெண்டு பக்கம் எதுக்கு? போறப்ப ஒரு பக்கம், திரும்பறப்ப மறுபக்கம். கடைக்காரங்க படுதா சுருட்டறாப்புல சுருட்டி விட்டா ஆச்சு.”

மிச்ச வலையில் இரண்டு படுதா வெட்டினார்கள். மேலே கயிறு கோத்து, இழுத்தால் சுருண்டு, விட்டால் இறங்குகிற மாதிரி. கயிற்றின் நுனி ஓட்டுகிறவன் கைக்கு எட்டுகிற இடத்தில். அந்த இடத்தை வேடியப்பன்தான் காட்டினான். மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை நீட்டி, “இங்க,” என்றான். பிறகு, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தவன் மாதிரி சட்டென்று எழுந்து கரைக்குத் தாவினான்.

மதியம் எடைச் சோதனை. ஆளுக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள். ஆறு மூட்டையையும் இருக்கைகளில் ஏற்றினார்கள். நடு வளைவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் கீழே அளவுகோலைக் குறுக்காக ஒட்டியிருந்தாள் செவ்வந்தி. படகு சாய்ந்தால் குண்டு நகரும். எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் எவ்வளவு சாய்ந்தது என்று தெரியும்.

ஒரு மூட்டையை இடப்பக்கம் தள்ளினார்கள். குண்டு ஒரு விரல் நகர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. எல்லாமும் இடப்பக்கம் போனபோது படகு சாய்ந்து நின்றது. நின்றது, அவ்வளவுதான். மேலும் போகவில்லை. தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. செவ்வந்தி எண்ணைத் தாளில் எழுதினாள்.

“ஆறு கெழங்கு மூட்டை ஆடாம உக்காந்திருக்குது. எங்க குழுப் பொம்பளைங்க இப்பிடி உக்காருவாங்களான்னு கேளு,” என்றாள் சின்னப்பொண்ணு. கரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அவள் இடது கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். நிழலில் உட்கார்ந்தாள். ஏரிக்காற்று சட்டத்தின் சந்து வழியாக வந்து அவள் முந்தானையைத் தூக்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேப்பமரத்துக்கு அடியில உக்காந்தாப்புல இருக்குதுடி,” என்றாள். “தூக்கம் வருது.”

செவ்வந்தி அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட்டைகளை இறக்கியபோது வேடியப்பனும் செவ்வந்தியும் மட்டும் படகோரம் நின்றார்கள். காசிநாதன் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கெழமை கேரளாவுக்கு வண்டி ஏறறேன் தங்கச்சி. மெளகுத் தோட்டத்துல வேலை. பொஞ்சாதி புள்ளைங்க இங்கதான்.”

அவள் மூட்டைக் கயிற்றை முறுக்கினாள்.

“நாளைக்குப் பாஸ் ஆனா நீங்க ஓட்டலாம்ல.”

“குடுக்க மாட்டாங்க. பேப்பர்ல இருக்குதே.” அவன் தண்ணீரைப் பார்த்தான். “மொதல்ல நான் ஒடிக்கலன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். எல்லாரும் ஒடிச்ச ஒடிச்சன்னாங்க. ஆறு மாசம் கேட்டுக்கினே இருந்தனா, இப்ப எனக்கே சந்தேகம். சின்னப்பொண்ணு கையைப் பாக்கறப்பல்லாம், லேசா திருப்பிட்டனோன்னு தோணுது. கை நம்முளுதுதானே, அதுகிட்ட கேக்கவா முடியும்?”

செவ்வந்தி வாய் திறந்தாள். அதற்குள் காசிநாதன் லாரியிலிருந்து ஹாரன் அடித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஹாரன் அடித்திராவிட்டாலும் மூடியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கீழே இறங்கும் வழி முழுவதும் அவளை உறுத்தியது.

பாதி மலை இறங்கியதும் அவள் சொன்னாள்: “அப்பா, அவரு ஒடிச்சுத் திருப்பலப்பா.”

லாரிச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று நினைத்தாள். இரண்டு வளைவு கழித்துக் காசிநாதன் பேசினார்.

“நாளைக்கு அந்தப் பேச்சு வாணாம். அந்தக் கூரையும் நம்ம பட்டறை, இந்தக் கூரையும் நம்ம பட்டறை. பழசு தப்புன்னா புதுசையும் பாஸ் பண்ண மாட்டாரு. அந்தப் பொம்பளைங்க பொழப்பு கெடும். புரியுதா?”

அவளுக்குப் புரிந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

*

புதன்கிழமை பதினொன்றே காலுக்குப் பொறியாளர் அரங்கநாதன் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். தொப்பி, கையில் கோப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. குழுப் பெண்கள் பத்துப் பேரும் ஒரே நிறப் புடவையில் வரிசையாக நின்றார்கள். இந்தத் தடவை வாழைமரம் இல்லை, பூசணி இல்லை. மோட்டார்மேல் மட்டும் ஒரு துளி குங்குமம் இருந்தது. வேடியப்பன் ஜீப்புக்கு அந்தப் பக்கம், வந்தும் வராதவன்போல நின்றான்.

அரங்கநாதன் படகில் ஏறி நின்றார். தலை வளைவில் இடித்தது. தொப்பி கீழே விழுந்தது.

“என்னம்மா இது, நிக்கவே முடியல. யாரு போட்ட டிசைன்?”

எல்லோரும் காசிநாதனைப் பார்த்தார்கள். காசிநாதன் செவ்வந்தியைப் பார்த்தார்.

“அதுக்காகத்தான் சார்,” என்றாள் செவ்வந்தி. குரல் அவளுக்கே பாதிதான் கேட்டது. “நிக்காம இருக்கத்தான்.”

அரங்கநாதன் உட்கார்ந்தார். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலே வலையைப் பார்த்தார், சட்டத்துச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார், படுதாக் கயிற்றை இழுத்து விட்டார். முகத்து வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர் துடைக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தார்.

“கூரை எத்தனை கிலோ?”

“பத்தொம்பது சார்.”

ஆறு பெண்கள் ஏறினார்கள். எல்லோரையும் ஒரு பக்கம் உட்காரச் சொன்னார். தூக்குக்குண்டு நகர்ந்து நின்றது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் தன் கையை வைத்து அளந்தார். ஒரு சாண், இரண்டு விரல். மறுபக்கமும் அதே. ஏரியில் அவரே மோட்டாரைப் பிடித்து ஒரு சுற்று வந்தார். திரும்பும் இடத்தில் வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பினார். படகு சாய்ந்து, தண்ணீரை வாரி அடித்து, நிமிர்ந்தது. பெண்கள் நனைந்துகொண்டே சிரித்தார்கள். கரையில் நின்ற வேடியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரைக்கு வந்து ஜீப்பின் முன்பக்கத்தில் கோப்பை விரித்து வைத்தார் அரங்கநாதன்.

“நல்லாச் செஞ்சிருக்கீங்க. ஓட்டறது யாரு?”

“வேடியப்பன்தான் சார். நாலு வருசமா ஓட்டினவரு,” என்றாள் சின்னப்பொண்ணு.

அவர் கோப்பில் இரண்டு பக்கம் பின்னால் புரட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“கவுத்தவரா? அது ஆகாதும்மா. படகைப் பாஸ் பண்றேன். ஆனா வேற ஆளைப் போடுங்க. பேரைச் சொல்லுங்க, இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

சின்னப்பொண்ணு வேடியப்பனைப் பார்த்தாள். குழுவைப் பார்த்தாள். ஆறு மாதமாக நின்ற படகு அவள் முதுகுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

வேடியப்பனே முன்னால் வந்தான்.

“வேற பேரு எழுதுங்க சார். நான் வெள்ளிக்கெழமை கெளம்பறேன். படகு ஓடினா போதும்.”

காசிநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கநாதன் பேனா மூடியைக் கழற்றினார்.

செவ்வந்தி பையிலிருந்து கல்லூரிப் பதிவேட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

“சார்.”

அவருக்குக் கேட்கவில்லை.

“சார்,” என்றாள் மறுபடியும். இந்தத் தடவை ஜீப் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மடித்த சீட்டை மடித்தபடியே நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார்.

“எடைமேடைச் சீட்டு. இருநூத்திப் பன்னெண்டு கிலோ. என்னது இது?”

“பழைய கூரை சார். ஆறடி உசரத்துல இருந்துச்சு. அதுக்கு மேல ரெண்டு வாழைமரம், ஒரு பூசணிக்காய்.”

அரங்கநாதன் பேனாவை ஜீப்பின்மேல் வைத்தார். படகைப் பார்த்தார். மனதுக்குள் அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“இத்தனை பாரம் தலைமேல இருந்தா ஒடிக்கவே வேணாமே. ஒரு ஆளு திரும்பி உக்காந்தாலே போதும்.” அவர் கோப்பைத் தட்டினார். “இது ரிப்போர்ட்ல எங்கயும் இல்லையே. யாரும் சொல்லலையா?”

காசிநாதன் நிமிர்ந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. ஆனால் ஜீப் பக்கம் வந்து நின்றார்.

“நான் அடிச்ச கூரை சார் அது. எடை பாக்காமத்தான் அடிச்சேன். எது வந்தாலும் என்மேல எழுதுங்க. எம்பொண்ணு சின்னப் புள்ள, இதுக்கு ஒண்ணும் தெரியாது. படகு கவுந்து, கூரை பட்டறைக்குத் திரும்பி வந்த பின்னாடி எடை போட்டிருக்கும்.” அவர் மகளைப் பார்த்தார். “அப்பத்தானம்மா போட்ட?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டுவது அவளுக்குப் பழகின வேலை. அப்பா வழி விட்டுக் கொடுக்கிறார். பொறியாளரும் அதையே எழுதிக்கொள்வார்.

செவ்வந்தி பொறியாளர் கையிலிருந்த சீட்டைத் திரும்ப வாங்கினாள். மடிப்பை விரித்தாள். மேல் பாதியில் தேதி இருந்தது. அதை அப்பாவிடம் காட்டவில்லை, பொறியாளரிடமும் காட்டவில்லை. வேடியப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்தில் சின்னப்பொண்ணு நின்றாள், வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி.

“பூசைக்கு மொத நாளு போட்டேண்ணா,” என்றாள். “கூரையை மலைக்கு ஏத்தறப்பவே போட்டேன். கவுந்துடும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான் சொல்லல.”